பெயர் சொன்னால் திரும்பாத மகன்: எதில் தொடங்குவது?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். ஒன்றரை வயதில்தான் நடந்தான். அப்போது ‘அம்மா’, ‘தா’, ‘காக்கா’ என்று நாலைந்து சொல் பேசினான். இரண்டு வயதுக்குள் அதுவும் நின்றுபோனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் ஓடும் விசைத்தறி நின்றுவிட்டால் உடனே ஓடிப்போய்ப் பார்க்கிறான். பொம்மை லாரியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துப் போகிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் செல்போனில் கேட்ட ஆங்கில எழுத்துகளை ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான். தயிர்ச்சோறும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு.

ஒரு தனியார் தெரபி மையம் மாதம் 28,000 ரூபாய் கேட்டிருக்கிறது. வேறோர் இடத்தில், ஸ்டெம்செல் (குருத்தணு) ஊசி போட்டால் பேச்சு வந்துவிடும் என்று லட்சக்கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். நர்சரிப் பள்ளியில், பேச ஆரம்பித்ததும் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். “இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்” என்கிறார் மாமியார். தடுப்பூசிதான் காரணம் என்கிறார் நாத்தனார். தறி ஓட்டும் கணவர், ஊனச் சான்று மட்டும் வாங்கக் கூடாது, வாழ்நாள் முழுக்க முத்திரை விழுந்துவிடும் என்கிறார். “தறி வேலை பார்க்கப் போனைக் கையில் கொடுத்தது நான்தான். என்னால்தான் இப்படி ஆனதா? தாலிச் செயினை விற்று அந்த மையத்தில் சேர்க்கட்டுமா? அடுத்த பிள்ளையும் இப்படி இருக்குமா?” என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரிக்கு,

உங்களால் ஆனதில்லை. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகள் ஆட்டிசமாக இருக்கலாமோ என்று எண்ண வைக்கின்றன. பிறரோடு தொடர்புகொள்ளும் விதம் மாறியிருக்கும் வளர்ச்சி நிலை அது. ஆட்டிசம் பெருமளவு மரபணு சார்ந்தது. பிள்ளை கருவில் இருக்கும்போதே மூளை வளரும் விதத்தில் அது தொடங்கிவிடுகிறது. போன் பார்த்ததாலோ தாய் வேலைக்குப் போனதாலோ அது வருவதில்லை. போனால் வேறொரு நட்டம் உண்டு: உங்களோடு பேசி, முகம் பார்த்து, விளையாட வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது. இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒரேநாளில் பிடுங்கினால் வீடே ரணகளமாகும். முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்துங்கள், அடுத்த வாரம் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். தடுப்பூசிக் கதை, 1998இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மீதித் தடுப்பூசிகளை விடாமல் போடுங்கள்.

மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். தாமதமாகப் பேசும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் பேச்சு மட்டும் தாமதமான பிள்ளை விரலை நீட்டிக் காட்டும், பெயர் சொன்னால் திரும்பும், பிடித்த பொருளை எடுத்துவந்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, “பார்த்தாயா” என்பதுபோல் கண்ணைப் பார்க்கும். உங்கள் கடிதத்தில் இவை இல்லை. அதற்கும் மேலாக, வந்த சொற்கள் மறைந்திருக்கின்றன. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனால் காத்திருக்கக் கூடாது. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் ‘பால் வேணும்’ போல இரண்டு சொல் சேரவில்லை என்றாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகன் அந்த எல்லைகளைத் தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆங்கில எழுத்துகளை ஒப்பிப்பதைப் பார்த்து வீட்டில் சிலர் ‘மூளைக்காரன்’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவன் ஞாபகசக்தி நிஜம்தான், அதைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பேச்சு வளர்ச்சியை அளக்க வேண்டியது வேறிடத்தில். தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் ஏதாவது ஒரு வழியில் கேட்கிறானா என்பதுதான் அளவுகோல்.

கடிதத்தை மட்டும் வைத்து இது ஆட்டிசம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்க வேண்டும். நடை தாமதமானதால், ஆட்டிசத்தோடு பொதுவான வளர்ச்சித் தாமதமும் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் முடிவாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நிறைய குடும்பங்கள் இங்கேதான் ஆறு மாதம், ஒரு வருடம் இழக்கின்றன. ஒரு டாக்டர் ‘இருக்கலாம்’ என்பார், இன்னொருவர் ‘இல்லை’ என்பார், மூன்றாமவரைத் தேடிப் போவதற்குள் பிள்ளைக்கு நாலு வயது முடிந்துவிடும்.

முதலில் காது

தறி நின்றால் ஓடி வருகிறான், அதனால் காது கேட்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. தறியின் அதிர்வு தரையிலேயே தெரியும். போதாததற்கு, கனத்த ஓசைகள் கேட்டும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் காது பரிசோதனைதான் முதல் படி. இந்த வயதில் ‘பெரா’ என்ற சோதனை செய்வார்கள். பிள்ளை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. தூங்க வைப்பதுதான் சிரமம். முதல்நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் பேருந்தில் கண்ணயர விடாமல் கூட்டிப் போனால் பெரும்பாலும் நடந்துவிடும்.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு மிகச் சாதாரணம். அது தூக்கத்தையும் கவனத்தையும் கெடுக்கும். வலிப்பு, வெறித்துப் பார்த்து உறைந்துபோவது போன்ற அறிகுறி இருந்தால், பேச்சு மறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்; மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். எல்லாப் பிள்ளைக்கும் மூளை ஸ்கேன் தேவையில்லை. ‘மூளை வளர்ச்சி’க்கென்று எழுதித் தரும் சிரப்புகளால் ஆட்டிசத்தில் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுக்கப் பழக்குங்கள்.

பக்கத்தில் இருக்கும் இடங்கள்

உங்கள் அங்கன்வாடிப் பணியாளரிடம் போய், பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதம் இருக்கிறது, ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் சோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. குழு வரும்வரை காத்திருக்காமல் நேரடியாகவும் போகலாம். தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். ‘டி.இ.ஐ.சி.’ என்றால் ஊழியர்களுக்குச் சட்டெனப் புரியும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரைக்கீழ் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது அந்த மையத்தின் ஏற்பாடு. நடைமுறையில் ஏதாவது ஒரு பணியிடம் காலியாக இருக்கும். அப்போது, இல்லாத சேவைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி வாங்குங்கள். வெறும் வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதம் உள்ள சிறுபிள்ளைகளுக்கான பயிற்சியைக் கிராமங்களுக்கே கொண்டுபோகிறது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீட்டுக்கு வந்து தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அவர்களுடையது. உங்கள் ஒன்றியத்துக்கு வருகிறார்களா என்று விசாரியுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அங்கும் பெயரைப் பதிந்துவையுங்கள். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. முழு மதிப்பீட்டுக்கு ஒருமுறை போய்வரலாம். வாராவாரம் ஓட முடியாது, ஓடவும் வேண்டாம்.

எங்கே போனாலும் ஒரு வேலை செய்யுங்கள். அவன் சாப்பிடுவது, சக்கரம் சுற்றுவது, கூப்பிட்டும் திரும்பாதது, உங்களை இழுத்துப் போவது என்று ஒவ்வொன்றையும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள். புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருப்பான். பத்து நிமிடத்தில் எந்த மருத்துவருக்கும் அவன் இயல்பு தெரியாது. அந்த வீடியோ அவருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.

தனியார் மையத்துக்குப் பணம் கட்டுமுன்

செயினை விற்காதீர்கள். நீங்கள் மூன்று மாதத்துக்குச் செலவு செய்யப் போவதில்லை, பத்து வருடத்துக்குத் திட்டமிடுகிறீர்கள். மாதம் 28,000 கட்டினால் ஐந்தாவது மாதம் நிறுத்த வேண்டிவரும், அதற்குள் வீட்டில் யாரும் எதுவும் கற்றிருக்க மாட்டீர்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். பல இடங்களில் பிள்ளையை வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள், முக்கால் மணி கழித்து, “நல்லா செஞ்சான்மா” என்று திருப்பித் தருகிறார்கள். உள்ளே என்ன நடந்தது, வீட்டில் என்ன தொடர வேண்டும் என்று தாய்க்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து மணி நேரம் அங்கே இருக்கும் பிள்ளை, விழித்திருக்கும் மீதி நேரமெல்லாம் உங்களோடுதான் இருக்கிறான்.

தாய் தகப்பனுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் வழியாகப் பிள்ளைக்கு உதவும் முறை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள்கூட இல்லை, சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையோடு இசைந்து பேசும் விதம் மாறியது, பிள்ளை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது. ஆட்டிசம் மறைந்துவிட்டது என்று அதில் யாரும் சொல்லவில்லை.

தனியார் மையத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் வாரம் ஒன்றிரண்டு வகுப்பு போதும். கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

- வகுப்பில் நான் உள்ளே உட்காரலாமா? கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம்.
- அடுத்த மூன்று மாதத்தில் எந்த மூன்று விஷயத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? ‘பேச்சு வரும்’ என்பது பதில் ஆகாது. ‘வேண்டிய பொருளை விரல் நீட்டிக் கேட்பான்’ என்பது பதில்.
- பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் உண்டா?
- பிள்ளை அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள்? அடிப்பது, கட்டிப்போடுவது, இருட்டறை என்று காதில் விழுந்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.
- ரசீது தருவீர்களா? பின்னால் காப்பீட்டுக்கு வேண்டும்.

ஸ்டெம்செல் விஷயத்தில் எனக்கு ஒரே பதில்தான்: கூடவே கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவ ஒழுங்குமீறல். உடம்பில் இருக்கும் உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று ‘கீலேஷன்’ மருந்து ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. கோதுமை, பால் நிறுத்தும் உணவுமுறைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. தயிர்ச்சோற்றையே நம்பியிருக்கும் உங்கள் மகனுக்குத் தயிரை நிறுத்தினால் சுண்ணாம்புச்சத்தும் புரதமும்தான் போகும்.

வீட்டில் நாளைக் காலையே தொடங்கலாம்

தனியாக ‘தெரபி நேரம்’ ஒதுக்க உங்களுக்கு நேரமில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, உடை மாற்றுவது எல்லாமே தெரபிதான், சில மாற்றங்களோடு செய்தால்.

அவனுக்குச் சக்கரம் பிடிக்கிறது அல்லவா? லாரியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில், அவன் முகத்துக்கு நேராக உங்கள் முகம் வரும்படி தரையில் உட்காருங்கள். அவன் சுற்றும்போது நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுற்றி, ‘சுத்து… சுத்து…’ என்று சொல்லுங்கள். நாலைந்து தடவை ஆனதும் சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்துங்கள். ஒன்றும் பேசாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் உங்கள் கையைத் தொடலாம், ஒரு ஒலி எழுப்பலாம், ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கலாம். எது வந்தாலும் அதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு உடனே ‘சுத்து!’ என்று சுற்றிவிடுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கைதான் மிகக் கடினம். பெரும்பாலான தாய்மார் மூன்றாவது எண்ணிலேயே, “சொல்லுடா, சுத்துன்னு சொல்லு” என்று ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளையின் முறை வருவதற்குள் போய்விடும்.

குடத்தடியிலும் இதேதான். இழுத்துப் போனால் போங்கள். தம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். குடித்ததும் மறுபடி இழுப்பான். இப்போது தம்ளரை உங்கள் முகத்தருகே பிடித்துக் காத்திருங்கள், ‘தண்ணி’ என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள், பார்த்ததும் ஊற்றுங்கள். நிரம்ப ஊற்றிக் கொடுத்தால் ஒருமுறைதான் கேட்பான், வாய்வாயாகக் கொடுத்தால் ஆறுமுறை கேட்பான். அவன் தாகத்தில் தவிக்கும்போதும் அழும்போதும் இதைச் செய்யாதீர்கள். அப்போது கொடுத்துவிட வேண்டும்.

கேள்விகளைக் குறையுங்கள். “இது என்ன? யார் வந்தா? மாமா பேர் என்ன?” என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் பேசாத பிள்ளை இன்னும் விலகும். அவன் எதைப் பார்க்கிறானோ அதைச் சொல்லுங்கள்: ‘கோழி’, ‘கோழி ஓடுது’. ஒரு சொல் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் அதோடு ஒன்று சேர்த்து இரண்டாகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆங்கிலம் பேசச் சொன்னார்களா? பேச வேண்டாம். உங்களுக்குத் தாலாட்டவும் கொஞ்சவும் திட்டவும் வரும் மொழியில்தான் பிள்ளையிடம் நிறையப் பேச முடியும். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தெரியாத மொழிக்கு மாறினால் உங்கள் பேச்சுத்தான் வற்றிப்போகும்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அது பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்கு உதவுகிறது. தண்ணீர், சோறு, லாரி, வெளியே என்று நான்கு போட்டோ எடுத்து, அட்டையில் ஒட்டி, அவன் கை எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். முதலில் ஒரே அட்டையோடு, அவனுக்கு மிகவும் பிடித்ததோடு தொடங்குங்கள்.

சாப்பாட்டில் கட்டாயம் வேண்டாம். தயிர்ச்சோற்றுத் தட்டின் ஓரத்தில் புதிய உணவை நெல்லிக்காய் அளவுக்கு மட்டும் வையுங்கள். தொடாவிட்டாலும் நாளைக்கும் வையுங்கள். பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் முகர்ந்தே பார்க்கும். வாயைப் பிளந்து திணித்தால் இருக்கும் தயிர்ச்சோறும் போய்விடும்.

உங்கள் வீட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை. சுற்றுவதெல்லாம் பிடிக்கும் பிள்ளைக்குத் தறி மோட்டாரின் பெல்ட்டும் புல்லியும் பெரிய ஈர்ப்பு. ஓடிவந்து பார்க்கிறவன் ஒருநாள் கையை உள்ளே விடுவான். பெல்ட்டுக்குக் கம்பிவலைக் கூண்டும், கொட்டகைக் கதவுக்கு அவனுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும் இந்த வாரமே போடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியே போய்விடுவதும், தண்ணீரைத் தேடிப் போவதும் அதிகம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, பக்கத்துக் கிணற்றுக்கு வலை. சட்டையின் உள்பக்கம் உங்கள் செல்போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளை அவன்.

சான்றிதழைப் பற்றி உங்கள் கணவருக்கு

இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்தச் சான்று எந்தச் சுவரிலும் ஒட்டப்படுவதில்லை. உங்கள் பீரோவில் இருக்கும், வேண்டிய இடத்தில் நீங்கள்தான் காட்டுவீர்கள். சின்ன வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான். வயது ஏறும்போது மறுபடி மதிப்பீடு செய்வார்கள். மகன் நன்றாக முன்னேறினால் அது குறையலாம், தேவையே இல்லாமலும் போகலாம். சான்று வாங்காததால் அவன் நிலை மாறப்போவதில்லை, வரவேண்டிய உதவிதான் வராது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில், இ-சேவை மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்று, பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை, போட்டோ, மருத்துவமனைச் சீட்டுகள் கையில் இருக்கட்டும். அதன்பின் அரசு மருத்துவமனைக் குழுவின் முன் போக வேண்டும். ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து, பெரும்பாலும் உங்களிடம் கேள்வி கேட்டும் பிள்ளையைக் கவனித்தும், மதிப்பெண் போடுவார்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. டாக்டர் முன்னால் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல மனம் வராமல், “எல்லாம் செய்வான் சார்” என்று பெற்றோர் சொல்லிவிடுவார்கள். விழுக்காடு 40க்குக் கீழே போய்விடும், சலுகைகள் எதுவும் கிடைக்காது. யாருடைய உதவியும் இல்லாமல் தானாக என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சான்று கிடைத்ததும் முதலில் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளை நடத்துவது. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் அதில் உண்டு, அதற்குத் தனி வரம்பு இருக்கும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏப்ரல் முதல் மார்ச் வரையே செல்லும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பிப்ரவரியிலேயே நாட்காட்டியில் வட்டம் போட்டுவையுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டும் ரசீதும் இல்லாமல் பணம் திரும்பாது.

ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் போங்கள். அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று வந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பேருந்துச் சலுகையையும், உங்கள் பக்கம் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி

இப்போதைக்கு அந்த நர்சரியோடு சண்டை வேண்டாம். அங்கன்வாடியில் சேருங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் நீங்களும் கூட இருந்து, மெல்லக் கூட்டுங்கள். மற்ற பிள்ளைகள் கை கழுவுவதையும் வட்டமாக உட்காருவதையும் பார்ப்பது எந்தத் தனி வகுப்பிலும் கிடைக்காது. ஐந்து வயதானதும் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி. ‘பேச ஆரம்பித்தால்தான் சேர்ப்போம்’ என்று அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. குறைபாட்டைக் காரணம் காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அதே 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு. சேர்க்கைக்குத் தேர்வு, நேர்காணல் வைக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பலாம். அரசுப் பள்ளியில் சேர்ந்த அன்றே தலைமையாசிரியரிடம், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேசுவானா, அடுத்த பிள்ளை எப்படி இருக்கும்

பேசுவானா என்ற கேள்விக்கு யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம், நானும் கொடுக்கவில்லை. ஐந்தாறு வயதில் நன்றாகப் பேச ஆரம்பித்த பிள்ளைகள் உண்டு. வாய்ப்பேச்சு வராமல் படம், கருவி வழியாகவே எல்லாம் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. பார்க்க வேண்டியது மாதாமாத மாற்றத்தை. ஒரு நோட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மூன்று வரி எழுதுங்கள்: எப்படிக் கேட்கிறான், எத்தனை தடவை முகம் பார்க்கிறான், புதிதாக என்ன சாப்பிட்டான். மூன்று மாதத்துக்கு ஒன்றும் அசையவில்லை என்றால் பயிற்சியை மாற்றச் சொல்லிக் கேட்க அதுவே ஆதாரம்.

அடுத்த பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு, மூத்தது இப்படி இருக்கும் குடும்பங்களில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. வராமலிருக்கும் வாய்ப்பு ஐந்தில் நான்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மரபணுச் சோதனை செய்தால் சில குடும்பங்களில் திட்டமான காரணம் தெரியும், அப்போது இந்தக் கணக்கும் மாறும். அதனால் முடிவெடுக்குமுன் மருத்துவக் கல்லூரியில் மரபணு ஆலோசனை கேளுங்கள். அவசரம் இல்லை, மகனின் பயிற்சியைத் தள்ளிப்போட்டுவிட்டு அதைச் செய்யவும் வேண்டாம். இரண்டாவது பிள்ளை பெற்றால் இவன் சரியாகிவிடுவான் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

நீங்கள் இரவில் தூங்குவதில்லை, அழுகை நிற்பதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது உங்களுக்கும் சிகிச்சை வேண்டிய நிலை. மகனைக் கூட்டிப் போகும் அதே அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். தென்காசிக்கு முதல்முறை போகும்போது கணவர் ஒருநாள் தறியை நிறுத்திவிட்டுக் கூட வரட்டும். டாக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்டால், வீட்டுக்கு வந்து நீங்கள் ஒருவராகவே எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.